ஐதிகம்: அளவையும் வழக்கும்

திருமயிலைக் கபாலீச்சரத்துப் புன்னை மரத்தடியில் உமையம்மை மயிலுருவில் சிவனை வழிபட்டாள் என்பது ஐதிகம். தலவரலாறு எழுதுவோர் இவ்வாறே முடிப்பது வழக்கம். நடந்தது என்று உறுதி கூறாமலும், நடக்கவில்லை என்று மறுக்காமலும் ஒதுங்கிக்கொள்ள இச்சொல் இன்று கைகொடுக்கிறது. பண்டு இதன் நிலை வேறு.

'இவ்வாறாம்' எனப் பொருள்படும் 'இதி ஹ' என்னும் வடமொழித் தொடரினின்று பிறந்தது 'ஐதிஹ்யம்'. இதிகாசம் என்பதும் அத்தொடரின் வழிவந்ததே. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிகவாதி கூறும் பத்து அளவைகளுள் ஐதிகமும் ஒன்று. இம்மரத்தில் பேய் உண்டு என்று உலகோர் கூறக் கேட்டுத் தெளிதல் அங்கே எடுத்துக்காட்டு. நியாய நூலார் இதைத் தனியளவையாகக் கொள்ளாது உரையளவையுள் அடக்கினர். முதலில் உரைத்தவர் இன்னார் என்று அறியப்படாமல் வழிவழி வரும் கூற்று என்பதே இதன் இலக்கணம்.

இவ்விலக்கணம் மயிலைக்கும் பொருந்தும். 7ஆம் நூற்றாண்டினரான ஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் புன்னைக் கானலையும் கடலாட்டு விழாவையும் பாடுகிறார். உரைத்தவர் தெரிதலின் இவற்றைச் சான்றாகக் கொள்ளலாம். மயில் வழிபாட்டை அப்பதிகம் கூறவில்லை; ஆதலின் அது ஐதிகம். அதனால் அது பொய்யாகிவிடாது. சொன்னவர் பெயர் மறைந்தது. நம்பிய ஊர் எஞ்சியுள்ளது.

'தொன்மம்' என்னும் திறனாய்வுச் சொல் கதையைக் குறிக்கும்; ஐதிகம் அக்கதை வந்த வழியைக் குறிக்கும். கவிஞர்க்குக் கதை போதும். வரலாறு எழுதுவோர் வழியையும் கூறல் வேண்டும். பத்தாண்டு மலர் காணும் இலக்கிய வட்டத்திற்கும் இது பொருந்தும். யார், எந்த ஆண்டில் உரைத்தார் என்று இன்று குறித்து வைக்காதவை நாளை ஐதிகமாகவே எஞ்சும்.