தூளியும் பள்ளிக்கூடமும்: கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தை நலப் பணிகள் வந்த வழி

கல்விச் சங்க மலர்களில் எழுதப்பெறும் வரலாறுகள் பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலிலேயே தொடங்குகின்றன. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேறினர், ஊரின் முதற் பட்டதாரி யார் என்பனவே அவற்றின் செய்திகள். அவ்வாசலுக்கு வந்து சேராத பிள்ளையைப் பற்றி எழுதுவோர் குறைவு. நம் தெருக்களில் பிறந்து, ஏழெட்டு வயதிலேயே படிப்பை விட்டு நின்ற பெண்கள் பலர் இன்று பாட்டிமார்களாக இருக்கின்றனர். ஏன் நின்றீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியாரின் பிரம்பையோ வீட்டின் வறுமையையோ அவர்கள் முதலிற் சொல்வதில்லை. "தம்பியை யார் பார்க்கிறது?" என்பதே அவர்கள் தரும் விடை.

தம்பி தூளியில் கிடந்தமையால் அக்காள் பள்ளியை இழந்தாள். எனவே கைக்குழந்தைக்கென அரசு செய்த ஏற்பாடுகளின் வரலாறு கல்வி வரலாற்றின் முதல் அத்தியாயம் ஆகும். அதை இப்பள்ளத்தாக்கில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை நிறைவெய்தி, மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை வயல்கள் இருபோகம் விளைந்தன. நிலம் பிறருடையது; நாற்று நடுவதும் களை பறிப்பதும் கதிர் அறுப்பதும் நம் பெண்களின் கைகள். கீழே வயல் வேலை ஓய்ந்தால் மேலே மலை வேலை. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் வழக்கம் தலைமுறைகளாக உள்ளது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தாயின் வேலை ஒரு மாநிலத்திலும் பிள்ளையின் வீடு மற்றொரு மாநிலத்திலும் ஆயின. இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

ஏழைப் பிள்ளைக்குப் பொதுப்பணத்தில் சோறு என்னும் எண்ணம் நம் மாகாணத்தில் 1920இல் செயலுக்கு வந்தது. சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு அளித்தது. காமராசர் ஆட்சியில் 1956 முதல் அது மாநிலமெங்கும் பரவியது. இரண்டும் போற்றத்தக்கவை. ஆயினும் இரண்டும் பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கே உரியவை. தூளியில் கிடந்த தம்பிக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே அவனைக் காத்த அக்காளுக்கும் இடமில்லை.

தாயையும் சேயையும் சேர்த்து நோக்கிய பார்வை தொழிலாளர் சட்டங்களின் வழியே வந்தது. அதில் அண்ணல் அம்பேத்கரின் பங்கை நம் இளைஞர்கள் போதிய அளவு அறியார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை அவர் ஆதரித்துப் பேசினார். பின்னர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்திலும் சுரங்கப் பெண்களின் பேறுகாலப் பாதுகாப்புக்கு வழி வகுத்தார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை காப்பகம் அமைக்க வேண்டும் என விதித்தது. ஆனால் நம் பெண்கள் பெரும்பாலும் சென்றது சிறு ஏலத்தோட்டங்களுக்கு, அதுவும் நாட்கூலிகளாக. ஐம்பது பேர் கணக்கு அங்கே நிறைவதில்லை. சட்டம் மலைமேல் இருந்தது. பிள்ளையோ மலையடிவாரத்தில் இருந்தது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பால்வாடிகள் வந்தன. பால்பவுடர் வந்தது, ரொட்டி வந்தது, சத்துணவுத் திட்டங்கள் வெவ்வேறு பெயர்களில் வந்தன. எழுபதுகளின் இறுதியில் தமிழ்நாட்டில் இருபதுக்கு மேற்பட்ட ஊட்டச்சத்துத் திட்டங்கள் ஒரே காலத்தில் நடைபெற்றன. ஒன்று சமூக நலத்துறையினுடையது, ஒன்று ஊராட்சி ஒன்றியத்தினுடையது, ஒன்று சுகாதாரத் துறையினுடையது. துறைகள் பலவாக இருந்தாலும் அவை எல்லாம் தேடிவந்த குடும்பம் ஒன்றுதான். அக்குடும்பத்தின் தாய் ஒரு நாட்கூலியை இழந்தாலன்றி எந்த வாசலுக்கும் செல்ல இயலாது. மூன்று வாசல் என்றால் மூன்று நாட்கூலி. இதைக் கணக்கிட்ட அதிகாரி எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. மேலும் உணவு பெற்றவர்கள் பெரும்பாலும் நடக்கத் தெரிந்த பிள்ளைகளே. உடல் தேய்வு மிகுந்து தாக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பருவம் விடுபட்டுப் போயிற்று.

இந்நிலையை மாற்ற முயன்ற ஏற்பாடு ஒன்று அந்நாளைய மதுரை மாவட்டத்திலேயே பிறந்தது என்பது நமக்குச் சிறப்பு. தேனி தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன் நம் பள்ளத்தாக்கு மதுரையைச் சேர்ந்தது. 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதன்முதல் தொடங்கப்பெற்றது. பின் மாவட்டத்தின் பிற ஒன்றியங்களுக்கும் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

அதன் முறை எளியது. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடையை அட்டையில் புள்ளியிட்டுக் கோடாக வரைந்தார்கள். கோடு ஏறினால் நலம். ஏறாமல் நின்றால் அக்குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை. அதற்கும் தேறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புதல். எல்லாருக்கும் என்றும் உணவு என்பதன்று, தேவைப்படும்போது தேவைப்படுவோர்க்கு என்பதே அதன் கொள்கை. எழுத்தறியாத தாய்க்கும் கோடு ஏறுவதும் இறங்குவதும் விளங்கும் என்பதே அந்த அட்டையின் பெருமை.

அதைவிடச் சிறப்பு, ஊழியரைத் தேர்ந்த முறை. அவ்வூரிலேயே வாழ்பவராகவும், ஏழையாக இருந்தும் தம் குழந்தையை நன்கு வளர்த்தவராகவும் உள்ள பெண்ணே சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராக விரும்பப்பட்டார். பட்டணத்திலிருந்து வந்து உபதேசம் செய்பவரின் சொல்லைவிட, நம்மைப் போல் கூலி வேலை செய்து பிள்ளையைக் காத்தவளின் சொல் செவியில் ஏறும் அன்றோ? ஊர்ப் பெண்களைக் கொண்டு மகளிர் குழுக்களும் அமைக்கப்பட்டன. திட்டம் நடந்த பகுதிகளில் கடும் ஊட்டக்குறை கணிசமாகக் குறைந்ததென மதிப்பீடுகள் கூறின. தாய்மார் ஒரே இடத்திற்கு வந்தனர். எடை, உணவு, அறிவுரை மூன்றும் அங்கேயே கிடைத்தன. ஆனால் சுகாதாரத் துறையோடு கொண்ட இணைப்பு மட்டும் எதிர்பார்த்த அளவு இறுகவில்லை. எடை போடுபவர் ஒரு துறை, ஊசி போடும் செவிலியர் மற்றொரு துறை. இருவரும் ஒரே நாளில் ஒரே தெருவுக்கு வருவது எளிதில் அமையவில்லை.

இதற்கிடையில் 1982 ஜூலை 1இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுப் பிள்ளையும் அதில் அடங்கிற்று. 1984இல் அவர் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே நம் ஆண்டிபட்டித் தொகுதியில் வெற்றி பெற்றதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சோறு போட்டவர் என்ற நன்றி அவ்வாக்குகளில் இருந்தது. எனினும் ஒரே ஊரில் ஊட்டச்சத்து மையம் ஒரு கட்டடம், சத்துணவு மையம் வேறொரு கட்டடம் என்றாயிற்று. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி ஓரிடம், நான்கு வயதுத் தங்கை மற்றோர் இடம். 1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்குக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறையும் ஒரே அங்கன்வாடியில் தர எண்ணியது. தமிழ்நாட்டின் தனித்தனி மையங்கள் தொண்ணூறுகளில்தான் படிப்படியாக அதனோடு இணைந்தன.

மையம் ஒன்றானாலும் அது எந்தத் தெருவில் நிற்கின்றது என்ற கேள்வி எஞ்சியது. ஊர்த்தெருவின் மையத்துக்கு நம் குழந்தை செல்வதும், நம் பெண் சமைத்ததை ஊர்ப்பிள்ளை உண்பதும் இன்னும் எளிதாகிவிடவில்லை. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட பெண் சமைப்பதைச் சாதி இந்துப் பெற்றோர் எதிர்த்ததை நாடே அறிந்தது. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல், சமையல் பணியில் தாழ்த்தப்பட்டோர்க்கு முன்னுரிமை வேண்டும் என்றும், புதிய அங்கன்வாடிகளை அமைப்பதில் அவர்களின் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13இன் ஆணை இன்னும் தெளிவானது: ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையேல், மக்கள் கேட்ட மூன்று மாதத்திற்குள் அமைத்தல் வேண்டும்.

பேறுகாலத்தில் கூலி இழக்கும் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி நினைவு உதவித்தொகை 2006இல் ஆறாயிரம் ரூபாயாகவும் 2011இல் பன்னிரண்டாயிரமாகவும் உயர்ந்தது. 2019இல் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள அங்கன்வாடிகள் 2,381இல் மழலையர் வகுப்புகள் தொடங்கின. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளியும் பால்வாடியும் அடுப்படியும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன என்பதில் ஐயமில்லை.

இனி, முன்னர் மனத்தில் இருத்தச் சொன்ன செய்திக்கு வருவோம். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியலுக்கு முன்பே நிற்கின்றன. அங்கன்வாடியோ பொழுது ஏறிய பின்பே திறக்கின்றது. தாய் திரும்புமுன் மூடிவிடுகின்றது. இந்த இடைவெளியைக் காப்பது பாட்டியாக இருந்தால் பிள்ளைக்குக் குறையில்லை. பாட்டியும் மலையேறும் வீடுகள் உள்ளன. அங்கே பழைய விடையே இன்றும் விடையாக இருக்கின்றது. உணவு, ஊசி, எடை, பாடம் எல்லாவற்றையும் ஒருங்கிணைத்த அரசு, தாயின் வேலை நேரத்தை மட்டும் இன்னும் அவற்றோடு ஒருங்கிணைக்கவில்லை. மேலே கேரளத்துத் தோட்டத்தின் காப்பகமும் கீழே தமிழ்நாட்டு அங்கன்வாடியும் ஒரே குழந்தைக்காக ஒருமுறையேனும் கலந்து பேசினால் இது தீரக்கூடியதே என்பது என் துணிபு.

அதற்கு முன் நம் தெருவளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தெந்த வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அவர்களின் தாய் எத்தனை மணிக்குக் கிளம்புகின்றாள், மாலை எப்போது திரும்புகின்றாள், அதுவரை பிள்ளை யார் கையில் என்பதை ஒரு நோட்டில் எழுதுதல். படித்த இளைஞர் இருவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். கிராம சபையில் வைக்க அந்த நோட்டு போதும்.