ஒரு கிராம் நீர் வெளியேறும் வழி

பெரியம்மைத் தடுப்பு மருந்து திரவமாக இருந்தவரை வெயிலில் சில நாள்களிலேயே வீரியம் இழந்துவிடும். 1950களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி காலியர் அதை உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினார். வெயிலைத் தாங்கும் மருந்து கிடைத்தது. 1980இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மருந்து போன ஊர்கள் வரலாற்றில் இருக்கின்றன. மருந்தைவிட்டுப் பிரிந்த நீர் எங்கே போனது? எனக்கு அந்த நீரின் மேல்தான் கண்.

இன்றைய உலர்த்தி ஒன்றில் ஒரு கிராம் பனிக்கட்டி இருக்கிறது என்று வையுங்கள். அழுத்தம் 0.1 மில்லிபாருக்கு இறங்கினால் அது உருகாது, நேரே ஆவியாகும். அடுப்பில் கொதித்து ஆவியானால் அதற்கு 1.7 லிட்டர் இடம் போதும். இங்கே ஏறக்குறைய 12,000 லிட்டர் வேண்டும். தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியின் அளவு! இத்தனையையும் வெற்றிடம் உண்டாக்கும் பம்பால் இழுக்க முடியாது. அதனால்தான் வழியில் கண்டென்சர்: மைனஸ் 50 டிகிரி அல்லது அதற்கும் கீழே குளிர்ந்த சுருள். பெரும்பகுதி ஆவி அதில் பனியாகப் படிந்துவிடும்.

பனி தடித்தால் சுருளின் பிடி தளரும். தப்பிய ஆவி பம்புக்குள் போகும். ஆயில் பம்ப் அதை அழுத்தும்போது, வெளியேற்றும் வால்வு திறப்பதற்குள் ஆவி நீராகி எண்ணெயில் கலக்கும். “ஆயில் பால் மாதிரி ஆயிடுச்சு” என்பார்கள் ஆபரேட்டர்கள். பிறகு துரு, கசடு, ஏறாத வெற்றிடம்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மானியர் வோல்ஃப்காங் கேடெ. 1935இல் அவர் தந்தது கேஸ் பேலஸ்ட். அழுத்தும் அறைக்குள் கொஞ்சம் காற்றை விட்டால், ஆவி நீராகும் முன்பே வால்வு திறந்துகொள்ளும். வெற்றிடத்தைக் கெடுக்கும் காற்றே வெற்றிடத்தைக் காக்கிறது! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

ஆனால் பேலஸ்ட் வால்வைத் திறந்தால் மட்டும் போதாது. ஆவி வரும் முன்பே பம்ப் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். உலர்த்தல் முடிந்ததும் மின்சாரம் மிச்சம் என்று பம்பை உடனே நிறுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். உள்ளே தங்கிய நீர் ஓய்வு நேரத்தில்தான் இரும்பைத் தின்கிறது. பேலஸ்ட் திறந்தபடி, உலர்த்தியின் வால்வை மூடிவிட்டு இன்னும் அரை மணி ஓடட்டும். எண்ணெய்க் கண்ணாடியில் வெண்மை கரைந்து பழைய தேன்நிறம் திரும்பும்போது, தப்பி வந்த அந்த நீர் கூரைக் குழாய் வழியே வெளிக்காற்றில் சேர்ந்திருக்கும்.