ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படிக்கலாம்.

போன வாரம் பேத்தி பள்ளி வினாடி வினாவுக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, இருபத்தொன்றாம் நூற்றாண்டு எந்தத் தேதியில ஆரம்பிச்சது?” என்று கேட்டாள். 2001 ஜனவரி 1 என்றேன். “அப்பா 2000-ன்னு சொல்றாரே? நீங்க எல்லாரும் தீம் பார்க்குக்குப் போய்க் கொண்டாடினீங்களாமே?” என்றாள். கொண்டாடினோம். ஒரு வருஷம் முன்னாலேயே கொண்டாடிவிட்டோம். அந்தக் கதையில் என் வீட்டாருக்குக்கூட நான் சொல்லாத ஒரு பகுதி உண்டு. இப்போது எழுதிவிடுகிறேன்.

1999-இல் நான் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு என்னிடம் இருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் மீனவக் குப்பத்தில் இருந்து வருபவர்கள். அந்தச் சாலை அப்போதுதான் புதிதாகப் புதுச்சேரி வரை ஒழுங்காகியிருந்தது. சுங்கச்சாவடி எல்லாம் வரவில்லை. சென்னையைச் சுற்றி பொழுதுபோக்குப் பூங்காக்கள் பெருகிய காலமும் அதுதான். தவணை முறை வியாபாரத்தில் பேர் வாங்கிய வி.ஜி.பி. குடும்பத்தார் கடற்கரையில் அமைத்த இடம் எங்களுக்கு முன்பே பழக்கம். அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்க்காத பிள்ளை உண்டா? 1993-இல் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். வந்தது. 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன்தான் அதையும் தொடங்கினார். நாங்கள் அன்று எந்தப் பூங்காவுக்குப் போனோம் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

அந்த டிசம்பரில் எங்கே திரும்பினாலும் ‘மில்லேனியம்’தான். மில்லேனியம் சேலை, மில்லேனியம் தள்ளுபடி. எங்கள் ஊர் டீக்கடைக்காரர் கூட ‘மில்லேனியம் டீ ஸ்டால்’ என்று போர்டை மாற்றி எழுதினார். டீ அதே டீதான். பசிபிக்கில் கிரிபாட்டி என்ற நாடு 1995-லேயே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டு, புது விடியல் எங்களுக்குத்தான் முதலில் என்றது. ஆளில்லாத தீவு ஒன்றுக்கு மில்லேனியம் தீவு என்று பெயரும் வைத்தது. நம் பங்குக்கு நிக்கோபாரின் கச்சால் தீவு பேப்பரில் அடிபட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வகுப்பில், “ஜனவரி ஒண்ணாந்தேதி மூணாவது ஆயிரமாண்டு பிறக்குது. ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வர்ற நாள். நீங்க பார்க்கப் போறீங்க” என்று பெரிதாகச் சொன்னேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் வேண்டாம், இன்று குடும்பத்தோடு இருப்பவர்.

“சார், எனக்குப் பத்து நடக்குதுன்னு எங்கம்மா சொல்லும். ஆனா ஒம்பதுதான் முடிஞ்சிருக்கு. அதே மாதிரி ஜனவரியில ரெண்டாயிரம் நடக்கத்தானே ஆரம்பிக்குது? ரெண்டாயிரம் வருஷம் இன்னும் முடியலையே சார். அடுத்த வருஷந்தானே முடியும்?”

எனக்கு அது புரியவே இல்லை. உண்மையைச் சொன்னால், புரிந்துகொள்ள நான் முயலவில்லை. “உலகமே கொண்டாடுது, உனக்கு மட்டும் சந்தேகமா? அதிகப்பிரசங்கி, உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் பையன்கள் அவளுக்கு ‘ரெண்டாயிரத்தொண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தடுத்திருக்க வேண்டியவன் நான். பேசாமல் இருந்துவிட்டேன்.

டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை. அந்த வாரம் முழுக்க ஊர் வயிற்றில் நெருப்போடுதான் இருந்தது. காத்மாண்டுவில் இருந்து டெல்லி வரவேண்டிய விமானத்தை 24-ஆம் தேதி கடத்தி, கந்தகாரில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குத்தான் பயணிகளை விடுவித்தார்கள். கார்கில் போரும் ஒரிசாப் புயலும் பார்த்த வருஷம் இப்படி முடிகிறதே என்று இருந்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் என் மனைவிக்கு வெளியே கிளம்ப மனசு வந்தது.

எங்களோடு வர வேண்டிய என் தங்கை மகன் வரவில்லை. அவன் கணிப்பொறிக் கம்பெனியில் வேலை. ‘ஒய்2கே’ என்று ஒரு பூதம் அப்போது எல்லோரையும் மிரட்டியது, நினைவிருக்கிறதா? பழைய புரோகிராம்களில் நினைவகத்தை மிச்சப்படுத்த வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கத்தால் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால், மெஷின் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும். வங்கியில் வட்டிக் கணக்கு, மின்சாரம், விமானம் எல்லாம் குழம்பும் என்று பயம். உலகத்தின் பழைய கோபால் புரோகிராம்களை வரிவரியாகத் திருத்தும் வேலை நம் பிள்ளைகளுக்கு நிறைய வந்தது. இந்தியக் கம்பெனிகள் வெளிநாட்டில் கால் ஊன்ற அது பெரிய வாசலாக இருந்தது. என் மருமகனும் அந்த வாசலில் நுழைந்தவன்தான். நடுராத்திரி ஆபீசை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. “வெடிச்சா நான்தான் மாமா முதல்ல பார்ப்பேன்” என்று சிரித்தான்.

நான், மனைவி, மகன், மாமனார், நால்வரும் பல்லவனில் போய் இறங்கினோம். (மாநகரப் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் எங்கள் வாயில் பல்லவன்தான்.) பூங்கா வாசலில் திருவிழாக் கூட்டம். மார்கழிப் பனி, கடல் காற்று. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சுண்டல் கடைகள் வரிசையாக இருந்தன. டிக்கெட் கவுண்ட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு அலுமினியக் குண்டானுக்குப் பின்னால் என் வகுப்புப் பெண். கூட அவள் அம்மா. மகன் சுண்டல் கேட்டான். “வணக்கம் சார்” என்று சொல்லிப் பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். வேறு பேச்சில்லை.

கவுண்ட்டரில், பத்து வயதுக்கு மேல் முழு டிக்கெட் என்று எழுதியிருந்தது. “பையனுக்கு எத்தனை வயசு?” என்றார் உள்ளே இருந்தவர். மனைவி வெள்ளந்தியாக, “பத்துங்க” என்றாள். ஆசிரியர் சம்பளக்காரன் விடுவேனா? முந்திக்கொண்டு சொன்னேன்: “பத்து முடியலைங்க. ஒம்பது முடிஞ்சு பத்து நடக்குது. பிப்ரவரியிலதான் பத்து முடியும்.”

அவர் அரை டிக்கெட்டைக் கிழித்தார். வாங்கித் திரும்பினால், அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. குண்டானைப் பார்த்துக் கரண்டியைக் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு உள்ளே நான் பார்த்தது எதுவும் சரியாக மனதில் பதியவில்லை. ராட்டினத்தில் மேலே போகும்போது ஒரு பக்கம் கடலும், இன்னொரு பக்கம் சாலை முழுக்க கார் விளக்குகளும் தெரிந்தன. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் ஒன்று. ஒன்று முடிந்தால் இரண்டு நடக்கும். அப்படியே வந்தால் 2000-ஆவது வருஷம் இன்னும் சில மணி நேரத்தில் நடக்க ஆரம்பிக்கும். முடிய இன்னும் 366 நாள் இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை.

பன்னிரண்டு அடிக்கும்போது மேடையில் பத்தில் இருந்து தலைகீழாக எண்ணினார்கள். பூஜ்யம் என்றதும் மொத்தப் பூங்காவிலும் விளக்கு அணைந்தது. நிலா இன்னும் எழாத தேய்பிறை ராத்திரி, கும்மிருட்டு. ஓர் இரண்டு விநாடி ஒரு சத்தமில்லை. என் மாமனார் இருட்டில் என் கையைப் பிடித்து, “வந்துடுச்சா மாப்பிள்ளை, அந்த ஒய்2கே?” என்றார். அடுத்த நொடி வாணவேடிக்கை, எல்லா விளக்கும் எரிந்தது. வேண்டுமென்றே அணைத்த வேடிக்கை அது. ஜனங்கள் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். ஒரு மணிக்கு எஸ்.டி.டி. பூத்தில் நின்று மருமகனுக்குப் போன் போட்டேன். “ஒண்ணுமே ஆகலை மாமா. பிரியாணி வாங்கிக் கொடுத்தாங்க, சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கோம்” என்றான்.

மறுநாள் தொலைக்காட்சியில் கன்னியாகுமரி. 133 அடி திருவள்ளுவர் சிலையை முதல்வர் கலைஞர் திறந்து வைத்தார். கணபதி ஸ்தபதியின் கைவண்ணம். 1979-இல் அடிக்கல் நாட்டியது. அறத்துப்பால் 38 அதிகாரத்துக்கு 38 அடி பீடம், பொருளும் இன்பமும் 70-உம் 25-உம் சேர்ந்து 95 அடிச் சிலை. இவ்வளவு கணக்காக எண்ணிக் கட்டியவர்களும் திறப்பு விழாவுக்கு 2000 ஜனவரி 1-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். ரோமாபுரியில் டயோனிசியஸ் என்ற துறவி 525-இல் ஈஸ்டர் தேதிகளைக் கணக்கிடும்போதுதான் கிறிஸ்து பிறப்பில் இருந்து ஆண்டை எண்ணும் முறையைத் தொடங்கினார். ரோமன் எண்ணில் பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. நம் பிரம்மகுப்தர் பூஜ்யத்தை ஓர் எண்ணாக வைத்துக் கூட்டல் கழித்தலுக்கு விதி எழுதியது அதற்கு நூறு வருஷம் கழித்து, 628-இல். ஆகவே கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1. நடுவில் பூஜ்யம் என்று ஓர் ஆண்டே இல்லை.

என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது வேறு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதே அல்ல. சோழர் கல்வெட்டில் அரசனின் ஆட்சிக் காலத்தை ‘யாண்டு இத்தனையாவது’ என்றுதான் வெட்டியிருப்பார்கள். அது நடக்கிற ஆண்டு. இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தது இருபத்தைந்தாம் ஆண்டின் 275-ஆம் நாள் என்று கல்வெட்டு சொல்கிறது. அதாவது ஆட்சிக்கு வந்து இருபத்து நான்கு முடிந்து, இருபத்தைந்து நடக்கிறபோது. கலி ஆண்டு, சக ஆண்டைப் பெரும்பாலும் முடிந்த கணக்கில் சொல்வார்கள். முடிந்தது, நடப்பது என்ற இரண்டையும் பிரித்துச் சொல்ல நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. சுண்டல் விற்கிற ஒரு அம்மா அதை மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்துப் பட்டயம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சண்டை போன நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் கெய்சர் வில்ஹெல்ம் ஆட்சி 1900 ஜனவரி 1-ஐயே புது நூற்றாண்டு என்று கொண்டாடியது. இங்கிலாந்து 1901 வரை காத்திருந்தது. நம் காலத்தில், கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 2001-தான் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்டிக்காரர்கள் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்காரர்கள். எப்காட் பூங்காவில் 1999 அக்டோபர் 1-இல் ஆரம்பித்த ஆயிரமாண்டு விழாவை 2001 ஜனவரி 1 வரை, பதினைந்து மாதம் நடத்தினார்கள். எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் டிக்கெட் உண்டு.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? ஜனவரி 3 திங்கட்கிழமை பள்ளி திறந்தது. ‘ரெண்டாயிரத்தொண்ணு’ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பாடம் நடத்தினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம், இப்போது போய் எதற்கு என்று நினைத்தேன். முழுப் பரீட்சை வந்தது, ஆறாம் வகுப்புக்குப் போனாள். அங்கேயும் சமூக அறிவியல் நான்தான். அந்த வருஷம் முழுக்க அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

2000 டிசம்பர் 31 ஞாயிறு. மகனை டிவிஎஸ் 50-இல் உட்கார வைத்துக்கொண்டு அதே பூங்கா வாசலுக்குப் போனேன். கூட்டம் இருந்தது, போன வருஷ அளவு இல்லை. அதே குண்டான், அதே இடம். அம்மாவும் மகளும் இருந்தார்கள். இரண்டு பொட்டலம் வாங்கினேன். பிறகு சொன்னேன்: “அம்மா, இன்னிக்கு ராத்திரிதான் ரெண்டாயிரம் முடியுது. நீ சொன்னதுதான் சரி. நான் உன்னை அதிகப்பிரசங்கின்னு சொன்னது தப்பு.”

“தெரியும் சார்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கிளாஸ்ல சொல்வீங்களா சார்?” என்றாள்.

ஜனவரி 2 செவ்வாய்க்கிழமை முதல் பீரியட், கரும்பலகையில் ஒன்றில் இருந்து பத்து வரை கட்டம் போட்டு, நடப்பதையும் முடிந்ததையும் விளக்கினேன். யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்று பெயர் சொல்லியே சொன்னேன். பையன்கள் என்னைப் பார்க்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முடித்துவிட்டு டஸ்டரை எடுத்தபோது மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது.

“சார், கி.மு. பத்துல பொறந்த ஒருத்தர் கி.பி. பத்துல அதே தேதியில செத்துப்போனா, அவருக்கு எத்தனை வயசு முடிஞ்சிருக்கும்?”

இருபது என்று வகுப்பே கத்தியது. நான் வாயைத் திறக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி விரல் விட்டேன். நான் எண்ணி முடிப்பதற்குள் அவளே, “பத்தொம்பது சார்” என்றாள்.