மடிக்கணினியைப் பேனாக் கணினியாக்குதல்

விசைப்பலகையோடு விற்கப்பட்ட மடிக்கணினியைப் பிரித்து, பேனாவை உணரும் பலகை ஒன்றைத் திரைக்கு அடியில் பொருத்தி, திரையின் மேலேயே எழுதவும் வரையவும் ஏற்றதாக அதை மறுபடி கட்டும் வேலை இது. 2002 முதல் 2015 வரையிலான காலத்தில் இது பெரிதும் நடந்தது. பொழுதுபோக்காகச் செய்தவர்கள் பலர். தொழிலாகவே செய்த நிறுவனமும் உண்டு. அதன் ‘மாட்புக்’ என்ற கணினிதான் இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது. விசைப்பலகை இல்லாத பேனாக் கணினிகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்களில் ஒன்று சிலேட்டு. பலப்பம் பிடித்து அகரம் பழகியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

முன்கதை

பேனாவால் கணினியிடம் பேசுவது பழைய ஆசை. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1964லேயே எழுதுபலகை ஒன்றை உருவாக்கியது. ஆனால் எழுதும் இடம் ஒன்று, எழுத்து தெரியும் இடம் வேறு: கை மேசையில் இருக்கும், கண் திரையில் இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்த கிரிட்பேட் 1989ல் விற்பனைக்கு வந்தது. பிறகு பாம் கைக்கணினியால் புகழ்பெற்ற ஜெஃப் ஹாக்கின்ஸ் இதன் பின்னால் இருந்தவர். 1990களில் பல நிறுவனங்கள் இந்தத் துறையில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டன. 2002 நவம்பர் 7 அன்று மைக்ரோசாஃப்ட் தன் டேப்லெட் பி.சி. இயங்குதளத்தை வெளியிட்டபின், கீலில் திரையைத் திருப்பி விசைப்பலகையின்மேல் மல்லாத்திப் படுக்கவைக்கும் கணினிகள் கடைக்கு வந்தன.

அப்படியும் சாதாரண மடிக்கணினியை அறுத்து ஒட்டும் வேலை நிற்கவில்லை. கடையில் கிடைத்த பேனாக் கணினிகளின் விலை அதிகம், திறன் குறைவு. ஓவியர்கள் விரும்பிய வாகம் சின்டிக் என்பது பேனாவை உணரும் தனித்த திரை. அதை மேசையோடு கட்டிப்போட வேண்டும். எல்லாவற்றையும்விட, ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் நெடுங்காலம் புழங்கிய ஆப்பிள் கணினிகளில் பேனா வகை எதுவுமே வரவில்லை.

பேனா படிக்கப்படும் விதம்

மாற்றும் வேலையில் இரண்டு பாதைகள் உண்டு. எளியது, திரையின்மேல் அழுத்தத்தை உணரும் தொடுபடலத்தை ஒட்டுவது. இரண்டு மெல்லிய கடத்தும் அடுக்குகள், நடுவே சிறு இடைவெளி. அழுத்திய இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ள, அங்குள்ள மின்னழுத்தத்தை வைத்து இடம் அறியப்படும். 2007 இறுதியில் வந்த அசூஸ் ஈ பி.சி. போன்ற குட்டி மடிக்கணினிகளில் பலரும் இதைத்தான் செய்தார்கள். விலை மலிவு, வேலை ஒரு நாளில் முடியும். குறை என்னவென்றால், அந்தப் படலத்துக்குப் பேனா எது, உள்ளங்கை எது என்று தெரியாது. கையைத் திரையில் ஊன்றாமல் அந்தரத்தில் பிடித்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தவர்கள் இரண்டாவது பக்கத்துக்குப் போவதில்லை.

இரண்டாவது பாதை மின்காந்த ஒத்ததிர்வு. 1983ல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகம் நிறுவனத்தின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட நுட்பம் இது. இதில் பேனாவுக்கு மின்கலம் கிடையாது. அதன் உள்ளே ஒரு மின்சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கும். திரைக்கு அடியில் உள்ள உணர்பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிச் சுருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். பலகை சில நூறு கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு கணம் அலை அனுப்பும். பேனாவின் சுற்று அதை வாங்கி அதிரும். உடனே பலகை அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். பேனா திருப்பி விடும் அலை எந்தெந்தச் சுருளில் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதை ஒப்பிட்டு, சுருள்களின் இடைவெளியைவிடப் பல மடங்கு நுணுக்கமாக முனையின் இடத்தைக் கணக்கிட்டுவிடும். முனையை அழுத்தினால் பேனாச் சுற்றின் அதிர்வெண் சற்றே நகரும். கோடு தடிக்க வேண்டுமா மெலிய வேண்டுமா என்பதை அந்த நகர்வு சொல்லிவிடும். உள்ளங்கையில் சுருளும் இல்லை, மின்தேக்கியும் இல்லை. ஆகவே அதைத் தாராளமாகத் திரையில் ஊன்றலாம்.

உணர்பலகை இரண்டு வழிகளில் கிடைத்தது: பழுதான டேப்லெட் பி.சி.யிலிருந்து கழற்றியது, அல்லது மேசைமேல் வைத்து வரையும் வாகம் பலகையின் உடலை உடைத்து எடுத்தது. இரண்டாவது வகையில் யு.எஸ்.பி. வடம் தயாராகவே இருக்கும். முதல் வகை மதர்போர்டோடு தொடர்வரிசை இணைப்பில் 3.3 வோல்ட்டில் பேசுவது. அதில் 5 வோல்ட்டைக் கொடுத்தவர்கள் இன்னொரு பழைய கணினியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்தப் பலகையின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை லினக்ஸில் தன்னார்வலர்கள் பராமரித்துவந்தார்கள். லினக்ஸ் வாகம் திட்டம் இல்லாவிட்டால் பல மாற்றங்கள் பாதியில் நின்றிருக்கும்.

அடுக்குகளின் தொல்லை

பலகையைத் திரைக்கு அடியில் செருகிவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். செருகியபின் பேனா அசையாமல் இருக்கும்போதும் கோடு நடுங்கும், ஒரு மூலையில் வளையும், சில இடங்களில் பேனாவே இல்லை என்று கணினி சாதிக்கும். பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட திரையை எழுதுவதற்குப் பயன்படுத்துவதால் வரும் வினை இது.

திரவப் படிகத் திரை ஒற்றைக் கண்ணாடி அல்ல. மேலே படிகம் அடைத்த கண்ணாடி, அதன்கீழ் ஒளியைப் பரப்பும் தாள்கள், ஒளியை நடத்தும் பிளாஸ்டிக் தகடு, வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள், கடைசியில் பெரும்பாலும் ஓர் உலோக முதுகு. மின்காந்த அலைக்கு உலோகம் சுவர். எனவே அந்த முதுகை வெட்டி எடுக்க வேண்டும். அதை எடுத்தால் தாள்களைப் பிடித்துநிறுத்த ஒன்றும் இராது. பலகையே முதுகாகி அவற்றைத் தாங்க வேண்டும். திரையை இயக்கும் மெல்லிய மின்சுற்றுப் பட்டை வழக்கமாகத் திரையின் பின்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருக்கும். அதை நிமிர்த்தி வெளியே நீட்டாவிட்டால் அந்த ஓரத்தில் கோடு ஆடும். அந்தப் பட்டையைத் தலைமுடி கனத்துக்குத் தவறாக வளைத்தாலும் திரையில் ஒரு வரிசை நிரந்தரமாகச் செத்துப்போகலாம். வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்தது பின்னொளி. 2008க்கு முந்தைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் மெல்லிய ஒளிர்குழாய்தான் திரைக்கு வெளிச்சம் தந்தது. அதை எரியவைக்கப் பல நூறு வோல்ட் தரும் சிறு இன்வெர்ட்டர் திரைச் சட்டத்திலேயே இருக்கும். கரண்ட் போனால் விசிறியைச் சுற்றவைக்கும் வீட்டு இன்வெர்ட்டர் அல்ல இது. விரல் அளவே இருக்கும், ஆனால் தொட்டால் நன்றாக உதறும். அதன் இரைச்சல் பேனாவின் மெல்லிய பதிலை மூழ்கடிக்கும். இதைத் தள்ளி வைப்பதும் வடத்துக்குக் கவசமிடுவதும் தவிர வேறு வழியில்லை. எல்.இ.டி. பின்னொளி பரவியபின் இத்தொல்லை பெருமளவு குறைந்தது.

பிறகு தொலைவு. வாகம் இன்டுவாஸ் வகைப் பலகை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரம் வரை பேனாவைக் கேட்கும். திரை, தாள்கள், பாதுகாப்புக் கண்ணாடி என்று அடுக்கிக்கொண்டே போனால் அந்த இடம் விரைவில் தீர்ந்துவிடும். கண்ணாடி இல்லாமலும் முடியாது. பேனா முனை அழுத்தினால் திரையில் குளத்து அலைபோல நிறம் ஓடும். கண்ணாடியைத் தடிமனாக வைத்தால் வேறொரு கோளாறு. 13.3 அங்குலத்தில் 1280×800 படப்புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.22 மில்லிமீட்டர். மேலே 2 மில்லிமீட்டர் கண்ணாடியை வைத்து 45 பாகை சாய்வில் பார்த்தால், ஒளி முறிவைக் கணக்கில் எடுத்தபிறகும் முனைக்கும் கோட்டுக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக, அதாவது ஏறக்குறைய 5 புள்ளிகள், விலகல் தெரியும். தலையை அசைத்தால் விலகலும் அசையும். மென்பொருளில் அளவு திருத்தம் செய்யலாம். ஆனால் அது ஓர் இருக்கைக்கும் ஒரு கண்ணுக்கும் மட்டும் பொருந்தும். கோலம் போடும் கை புள்ளியைப் பார்த்துத்தானே வளைகிறது? அந்தப் புள்ளி இடம் மாறினால் எப்படி இருக்குமோ, விலகல் மிகுந்த திரையில் வரைவது அப்படி இருக்கும்.

மற்றவை தச்சு வேலை. திரையைத் திருப்பி உடலின்மேல் மல்லாத்தவேண்டும்; விசைப்பலகை போய்விடும், அதோடு ஆன் பொத்தானும் போகும், அதை எங்காவது ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூடியிருப்பதாக எண்ணிக் கணினி தூங்கிவிடாமல் மூடி உணர்வியை ஏமாற்ற வேண்டும். விசைப்பலகை வழியாகக் காற்றை உறிஞ்சும் வடிவமைப்பாக இருந்தால் சூடு திரைக்கு ஏறும். முடிவில் கிடைப்பது கையில் பிடித்து எழுத முடியாத கனம். மடியிலோ மேசையிலோதான் வைக்க வேண்டும்.

மாட்புக்

இத்தனை தொல்லையையும் ஒரு நிறுவனம் தொழிலாக ஏற்றுக்கொண்டது. கலிஃபோர்னியாவின் ஆக்ஸியோட்ரான், ஆப்பிளின் 13.3 அங்குல மேக்புக்கை விலைக்கு வாங்கி, விசைப்பலகையும் தொடுதளமும் கொண்ட மேற்பகுதியையும் திரைமூடியையும் நீக்கிவிட்டு, மெக்னீசிய மேலுடலும் வாகம் உணர்பலகையும் பொருத்தி விற்றது. நிறுவனத்தை நடத்தியவர் ஆண்ட்ரியாஸ் ஹாஸ். மதர்போர்டு, மின்கலம், வட்டு இயக்கி, இணைப்புத் துளைகள் எல்லாம் ஆப்பிளுடையவை. பேனா 512 படிநிலை அழுத்தங்களை உணர்ந்தது. திரைமேல் ‘ஃபோர்ஸ்கிளாஸ்’ என்ற கடினக் கண்ணாடி. முனை வழுக்காமல் தாளில் உரசுவதுபோல இருக்க அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள். மொத்தக் கனம் சுமார் 2.5 கிலோ. அடிப்படை மேக்புக் 1,099 டாலருக்குக் கிடைத்த நாளில் மாட்புக்கின் விலை 2,000 டாலரைத் தாண்டியது. மாற்றுவதற்கான கூலி கணினியின் விலையை எட்டியது என்று கொள்ளலாம்.

அது அறிமுகமான இடமும் நாளும் சுவையானவை. 2007 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் மாட்புக் வைக்கப்பட்டு, கண்காட்சியின் சிறந்த பொருள்களில் ஒன்றாக விருதும் பெற்றது. அதே கண்காட்சியில், ஜனவரி 9 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு பேனாவைக் கேலி செய்தார். தொலைந்துபோகும் ஒரு குச்சி யாருக்கு வேண்டும் என்பது அவர் வாதம். ஒரே கூரையின்கீழ் ஆப்பிள் பேனாவை எறிந்தது, ஆப்பிளின் பயனர்கள் அதைக் கேட்டு வரிசையில் நின்றார்கள். விற்பனை ஏறத்தாழ ஓராண்டு தள்ளிப்போய்த்தான் தொடங்கியது.

மாட்புக்கின் பலவீனம் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. 2008 அக்டோபரில் ஆப்பிள் ஒரே அலுமினியக் கட்டியில் குடைந்த மேக்புக்கைக் கொண்டுவந்தது. பிறருடைய கணினியின் மேல் கட்டிய தொழிலில் உடல் மாறினால் அச்சு, மேலுடல், வடங்கள் எல்லாவற்றையும் மறுபடி வடிவமைக்க வேண்டும். 2010 ஜனவரி 27 அன்று ஐபேட் அறிவிக்கப்பட்டது. அதில் பேனா இல்லாவிட்டாலும், ‘ஆப்பிளிடமிருந்து ஒரு பலகை’ என்ற ஏக்கம் அதோடு தணிந்துவிட்டது. ஆக்ஸியோட்ரான் மறைந்தது. 2012ல் ஹாஸ் புதிய நிறுவனத்தைத் தொடங்கி மேக்புக் புரோவின் மேல் மாட்புக் புரோவைக் கட்டினார். 2014ல் 15.4 அங்குல ரெட்டினா திரையும் 2,048 அழுத்தப் படிநிலைகளும் கொண்ட மாட்புக் புரோ எக்ஸுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள்.

கையெழுத்து

படம் வரைபவருக்குக் கோடு கிடைத்தால் போதும். எழுதுபவருக்குக் கோடு எழுத்தாக மாற வேண்டும். மேக் இயங்குதளத்தில் 2002லிருந்தே இங்க்வெல் என்ற கையெழுத்து அறியும் வசதி இருந்தது. ஆப்பிளின் பழைய நியூட்டன் கைக்கணினியிலிருந்து வந்த வழித்தோன்றல் அது. பேனாப் பலகையை இணைத்தால்தான் அமைப்புப் பக்கத்தில் தலைகாட்டும், இல்லாவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தமிழ் தெரியாது.

தமிழ்க் கையெழுத்துக்கான அடிப்படை வேலை வேறிடத்தில் நடந்தது. பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகம், தன் நிறுவனத்தின் பேனாக் கணினிகளிலேயே பலரை எழுதவைத்துத் தமிழ் எழுத்துருவங்களைத் திரட்டியது. 2006ல் நடந்த தமிழ்க் கையெழுத்து அறிதல் போட்டிக்கு அந்தத் தொகுப்பே அடிப்படை. தமிழுக்கு எழுத்து 247 என்றாலும் கணினி 156 வடிவங்களைக் கற்றால் போதும் என்று அதில் வகுத்திருந்தார்கள். கொம்பும் காலும் தனித்தனி வடிவங்களாகக் கணக்கில் வருவதால் ‘கொ’வுக்குத் தனி இடம் தேவையில்லை. 2015ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு வெளியிட்ட கையெழுத்துச் செயலியில் தமிழ் முதலிலேயே இருந்தது.

பிற்காலம்

2013ல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோவின் திரைக்குள் வாகம் உணர்பலகை பிறக்கும்போதே இருந்தது. அடுத்த ஆண்டின் சர்ஃபேஸ் புரோ 3, மின்கலம் உள்ள என்-டிரிக் பேனாவுக்கு மாறியது. தொடுதிரையின் கம்பி வலையே பேனாவையும் கேட்பதால் தனிப் பலகை தேவைப்படவில்லை. கண்ணாடியும் திரையும் ஒட்டியே இருந்ததால் விலகலும் சுருங்கியது. கண்ணாடியோடு ஒட்டிய திரையை வீட்டில் பிரித்துச் சேர்க்க முடியாது என்பதால் கைவேலைக்காரர்களின் வாய்ப்பும் அதோடு சுருங்கியது. 2015 நவம்பரில் ஐபேட் புரோவோடு ஆப்பிளே ஒரு பேனாவை விற்கத் தொடங்கியது.

2019 அக்டோபரில் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலீனாவில் இங்க்வெல் நீக்கப்பட்டது. அதே பதிப்பில் சைட்கார் என்ற வசதி சேர்ந்தது: பக்கத்தில் வைத்த ஐபேட் மேக்கின் இன்னொரு திரையாகும், அதில் ஆப்பிள் பேனாவால் மேக் செயலிகளுக்குள்ளேயே வரையலாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், இரண்டு கருவிகளை வாங்க வேண்டும்.