500 பள்ளிகளுக்கு ஒரே அச்சு: அகப்பக்க முகவரி அமைவது எப்படி?

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா, கிள்ளான் சிம்பாங் லீமா தொடங்கி தோட்டத்துச் சிறுபள்ளி வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வைத்து அகப்பக்கம் அமைக்க நினைப்பவர், 500 பக்கங்களையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற கட்டமைப்புகள் வந்தது இதற்காகத்தான்.

2016இல் வெளிவந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ், 2022 அக்டோபரில் வந்த 13ஆம் பதிப்பில் புதிய முறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. 'ஆப்' என்ற கோப்புறைக்குள் நாம் வைக்கும் கோப்புறைகளின் பெயர்களே இணைய முகவரியாகின்றன. அவற்றில் ஒன்றின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால், முகவரியின் அந்த இடத்தில் எந்தச் சொல் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அந்தச் சொல்லுக்குரிய பள்ளியின் விவரத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் காட்டும் வேலையை 'பேஜ்' என்ற ஒரே கோப்பு செய்துவிடும்.

பள்ளியின் பெயரைத் தமிழிலேயே முகவரியில் வைக்கலாமே என்ற ஆசை எழும். வைக்கலாம், தடையில்லை. ஆனால் அதைப் புலனத்தில் பகிரும்போது பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகிவிடுகிறது. 'கிள்ளான்' என்பது நமக்கு நான்கு எழுத்து. யுனிகோடில் அது எட்டு அலகு. அலகுக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று குறி என்று கணக்கிட்டால் மொத்தம் 72 குறிகள்! கல்வி அமைச்சு ஒவ்வொரு பள்ளிக்கும் தந்துள்ள குறியீட்டு எண்ணை முகவரியில் பயன்படுத்துவதே நல்லது. தலைப்பில் தமிழ்ப்பெயர் இருந்தால் போதும்.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மேற்பட்டை, பட்டியல், அடிப்பகுதி ஆகியவை 'லேஅவுட்' கோப்பில் இருக்கும். தொடர்பு எண் மாறினால் அங்கே ஒருமுறை திருத்தினால் போதும். சிலாங்கூர் பள்ளிகளுக்கு மட்டும் ஓர் அறிவிப்பு வேண்டுமென்றால், அந்தக் கோப்புறைக்குள் இன்னொரு லேஅவுட் வைக்கலாம். தளத்துக்குள்ளேயே ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்குத் தாவும்போது பொதுப்பகுதி அப்படியே நிற்க, நடுவிலுள்ள பகுதி மட்டும் மாறும். இணைய வேகம் குறைந்த தோட்டப்புறத்தில் இது சிறிய உதவியல்ல.

தோட்டங்களில் இருந்த பல தமிழ்ப்பள்ளிகள் நகர்ப்புறத்துக்கு இடம் பெயர்ந்தன. அவற்றில் பல இன்றும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தேடி வரும் பழைய மாணவருக்கு அந்தப் பெயர்தான் அடையாளம். அகப்பக்கத்தைப் புதுப்பிப்பவர்களோ பெரும்பாலும் முகவரியை மாற்றிவிட்டுப் பழையதை மறந்துவிடுகிறார்கள். முதலாம் ஆண்டுப் பதிவு பற்றிப் பெற்றோர் குழுவில் யாரோ பகிர்ந்த இணைப்பைத் தட்டினால் 404 என்று வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதற்கான தீர்வு நெக்ஸ்ட்.ஜேஎஸ் அமைப்புக் கோப்பிலேயே உள்ளது. பழைய முகவரியையும் புதிய முகவரியையும் எழுதி, 'நிரந்தரம்' என்று குறித்துவிட வேண்டும். பழைய இணைப்பைத் தட்டுபவரை 308 என்ற குறியீட்டுடன் கட்டமைப்பே புதிய பக்கத்துக்கு அனுப்பிவிடும். அந்தக் குறியீட்டைப் பார்த்து கூகுள் போன்ற தேடுபொறிகளும் முகவரி மாறியதைப் புரிந்துகொள்ளும்.