வலைக்கு எங்கே இடம்?

மேல்நாட்டில் ஏரியிலும் ஆற்றிலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் ஒரு கைவலை வைத்திருப்பார்கள். நீளமான கைப்பிடி, அதன் முனையில் ஒரு வளையம், வளையத்திலிருந்து தொங்கும் வலைப்பை. தூண்டிலில் மாட்டிய மீன் படகின் ஓரத்துக்கு வந்ததும் அடியிலிருந்து ஏந்தித் தூக்க அது உதவும். இந்த வலையைப் படகில் எங்கே வைப்பது என்பது அவர்களுக்குத் தீராத தலைவலி. காலடியில் போட்டால் இடறிவிடும். தூண்டில் முட்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சிக்கிக்கொள்ளும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால், மீன் வரும் நேரத்தில் கைக்கு அகப்படாது. இதைப் பற்றி அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இதே கேள்வியை நம் சோழமண்டலக் கரையில் கேட்டால் ஒரு பெரிய சரித்திரமே பதிலாக வருகிறது. அதை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிழைப்புக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு புதுப்பட்டினம் வந்துவிட்டேன். கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற ஊர். கடற்கரைக்கு நடந்தே போகலாம். எழுத்தர் புத்தி எங்கே போகும்? எதைப் பார்த்தாலும், 'இது எந்த அலமாரியில் இருக்க வேண்டிய பொருள்?' என்றுதான் மனம் கேட்கும். வலையைப் பார்த்தும் அப்படித்தான் கேட்டது.

மற்ற நாட்டுப் படகுகளுக்கும் நம் கட்டுமரத்துக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. படகு என்றால் அதற்கு உள்ளே, வெளியே என்று இரண்டு உண்டு. உள்ளே பொருளை வைக்கலாம், மூடி போடலாம். கட்டுமரத்துக்கு உள்ளே என்பதே கிடையாது. சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே ஏறும், மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப் போகும். தண்ணீரை இறைக்கும் வேலை இல்லை, மூழ்கும் பயம் இல்லை. துறைமுகம் இல்லாத இந்தக் கரையில், வரிசை வரிசையாக உடையும் அலைகளைத் தாண்டிப் போக இதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. ஆனால் அதன் மேல் எதை வைத்தாலும் கடல் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

அந்தக் காலச் சென்னையில் இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வு இருந்தது. செயற்கைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து கடிதங்களைக் கொண்டுபோகிறவர்கள் கட்டுமரக்காரர்கள். கடிதத்தை எங்கே வைப்பது? தலையில். ஓலையால் முடைந்த, தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் அணிந்துகொள்வார்கள். அலை கவிழ்த்துவிட்டாலும் நீந்தி மறுபடி மரத்தில் ஏறிக்கொள்வார்கள். கடிதம் நனையாமல் கப்பலுக்குப் போய்ச் சேரும். ஐரோப்பியப் பயணிகள் பலர் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். உள்ளே என்று ஒன்று இல்லாத கலத்தில் மனிதனின் தலையே பெட்டகம்.

பிரெஞ்சுக்காரர்களும் நம் கலங்களைக் கூர்ந்து கவனித்தவர்கள். சொன்னரா என்பவர் தம் கீழ்த்திசைப் பயண நூலை 1782இல் வெளியிட்டார். அதே வருடம் பிப்ரவரியில்தான் எங்கள் பக்கத்து ஊரான சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் பாரி என்ற கடற்படை அதிகாரி வந்தார். உலகம் சுற்றிய பயணங்களில் போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்து, 1840களில் ஒரு பெரிய நூலாகப் போட்டார். கட்டுமரம், கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்கு ஆகிய இரண்டும் அதில் உண்டு. பிரெஞ்சில் 'கத்திமரோன்', 'ஷெலாங்கு' என்று நம் சொற்களையே கொஞ்சம் நெளித்து எழுதினார்கள்.

சலங்குக்கு உள்ளே உண்டு. கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலையை அதில் மலைபோல் குவித்துக்கொண்டு போவார்கள். கட்டுமரத்தில் அது நடக்காது.

கட்டுமரத்தில் வலை எங்கே இருந்தது என்று எங்கள் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். இளமையில் மரம் ஓட்டியவர். "அதுக்கு ஏதுங்க ஐயா எடம்? கட்டுனாதான் எடம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் முழுப் பதிலும் அதில் இருக்கிறது. நடு மரத்தின் மேல் வலையைக் குவித்துக் கயிற்றால் பிணைத்துவிடுவார்கள். குவிப்பதிலும் ஒழுங்கு உண்டு. மிதவைகள் ஒரு பக்கம், அடிக்கயிற்றின் எடைகள் மறு பக்கம். இரண்டும் கலந்தால் கடலில் வலை விரியாது, சிக்குப் பிடித்துக் கட்டியாக இறங்கும். கடைசியில் இறங்க வேண்டிய பகுதி அடியில், முதலில் இறங்க வேண்டியது மேலே. அலுவலகத்தில் நாளைக்கு வேண்டிய கோப்பை மேலே வைப்பது போலத்தான். ஒரு வித்தியாசம்: கோப்பு சிக்கினால் மேலதிகாரி திட்டுவார். வலை சிக்கி, அதில் கால் மாட்டினால் ஆளே போய்விடுவான்.

பெரிய வலை சரி, கைவலை நம் கரையில் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதுவும் மிக அழகான ஒரு தொழிலில்.

பறவைக் கோலா என்ற மீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீரை விட்டு எழும்பி, துடுப்புகளை இறக்கைபோல் விரித்துக் கொஞ்ச தூரம் பறந்து விழும் மீன். கோடையின் பிற்பகுதியில் அது நம் கடலில் முட்டையிட வரும். அதன் முட்டையில் நூல் போன்ற இழைகள் இருக்கின்றன. மிதக்கும் ஏதாவது ஒன்றில் அந்த இழைகள் சுற்றிக்கொண்டால்தான் முட்டை பிழைக்கும். எனவே ஆழ்கடலில் ஒரு தழைக்கொத்து மிதந்தாலும் கோலா கூட்டமாக அதைத் தேடி வரும்.

விஞ்ஞானிகள் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் இதற்கென்றே ஏழு மரங்களைச் சேர்த்துப் பெரிய கட்டுமரம் கட்டினார்கள். அதற்குக் கோலாமரம் என்றே பெயர். இலை தழைக் கட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் மிதக்க விடுவார்கள். மீன் வந்து தழையில் மொய்க்கும். கயிற்றை மெல்ல இழுத்து மரத்தின் அருகே கொண்டுவந்து, கைவலையால் மீனை அள்ளுவார்கள். சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதை நேரில் ஆராய்ந்து 1920களின் தொடக்கத்தில் எழுதினார். அந்த மீனுக்கு அவர் சூட்டிய அறிவியல் பெயரிலேயே நம் சோழமண்டலம், 'கோரமண்டலென்சிஸ்' என்று, இன்றும் இருக்கிறது.

உலகத்தின் மறுகோடியில், கரீபியன் கடலில் உள்ள பார்படாஸ் தீவிலும் இதே வித்தைதான். அங்கே கரும்புச் சோகையைக் கட்டி மிதக்கவிட்டு, வரும் பறக்கும் மீனைக் கைவலையால் அள்ளினார்கள். இரண்டு கரைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பாடம் சொல்லிக்கொடுத்தது மீன்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கோலாமரத்தில் கைவலைக்கு இடம் எது? மீன் மொய்க்கும்போது கை; மற்ற நேரத்தில் கயிறு. ஏரிப் படகுக்காரரைக் குழப்புகிற பெட்டி, மூடி, கொக்கி எதுவும் அங்கே இல்லை. எந்தப் பொருளும் தன் வேலை வரும் வரை மரத்தோடு மரமாகக் கட்டுண்டு கிடக்கும்.

ஆனால் இது பாதிப் பதில்தான். மீதிப் பாதி கரையில் இருக்கிறது.

கட்டுமரம் கரையேறியதும் அதன் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். இல்லாவிட்டால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். அதாவது கலமே கலைந்து போகும். வலைக்கும் அதே கதை. அக்காலத்து வலை பருத்தி நூலிலும் சணல் போன்ற நார்களிலும் பின்னியது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளில் மக்கிவிடும். ஆகவே தினமும் வெயிலில் விரித்துக் காய வைக்க வேண்டும். அவ்வப்போது மரப்பட்டையைக் காய்ச்சிய துவர்ப்புச் சாயத்தில் தோய்த்தெடுக்க வேண்டும். வலை கடலில் இருந்த நேரத்தைவிட மணலில் கிடந்த நேரம் அதிகம். வலையின் வீடு கடற்கரை மணல்தான். கட்டுமரம் அது ஏறிப்போகும் வண்டி.

1950களின் பிற்பகுதியிலிருந்து நைலான் வந்தது. 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை புது நூல்களைச் சோதித்துப் பரப்பின. நைலான் மக்காது, லேசானது, மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு எதிரி உண்டு: வெயில். தொடர்ந்து வெயிலில் கிடந்தால் இழை வலுவிழக்கும். எந்த வெயில் பருத்தி வலையைக் காப்பாற்றியதோ அதே வெயில் நைலான் வலையைக் கெடுத்தது. பாட்டன் வலையை மணலில் விரித்தான்; பேரன் நிழல் தேட வேண்டியதாயிற்று. கடற்கரைக் கிராமங்களில் இன்று காணும் வலை பின்னும் கூடங்களுக்கும் ஓலைப் பந்தல்களுக்கும் இந்த நிழல் தேவையும் ஒரு காரணம்.

பிறகு கலமும் மாறியது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. துறைமுகம் இல்லாத கரையிலேயே ஏறி இறங்கக்கூடிய புதுப் படகுகளை வடிவமைத்துப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. காலப்போக்கில் எங்கும் பரவியது ஃபைபர் படகு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஏராளமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. கட்டுமரங்கள் அருகிப் போயின.

ஃபைபர் படகுக்கு உள்ளே உண்டு. வலைக்கு முதல்முறையாக ஒரு அறை கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். பின்னால் இன்ஜின், அதன் விசிறி தண்ணீரில். வலை விசிறியில் மாட்டினால் வலையும் போச்சு, இன்ஜினும் நின்று போச்சு. அதனால் இன்ஜினிலிருந்து தள்ளி நடுப்பகுதியில் வலைக் குவியல். ஐஸ் பெட்டிக்கும் மீனுக்கும் தனி இடம். பழைய கட்டு ஒழுங்கு போய் அறை ஒழுங்கு வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் 'கட்டுமரம்' என்ற சொல் ஐரோப்பா, அமெரிக்கா போய், இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்குப் பெயராகிவிட்டது. இன்றைய பணக்கார 'கட்டமரான்' படகுகளில் இரண்டு உடல்களுக்கும் நடுவே, முன்பக்கத்தில் ஒரு வலையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மீனுக்கு அல்ல, மனிதர்கள் மல்லாந்து படுத்துக் கடலைப் பார்க்க. வலைக்கு அங்கேயும் ஒரு நிரந்தர இடம் கிடைத்திருக்கிறது!

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். படகில் வலைக்கு அறை கிடைத்த அதே காலத்தில், கரையில் அதன் வீடு சுருங்கிக்கொண்டு வருகிறது. சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நடுக்கடலில் இருந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மணலில் இருந்த வலைகளும் படகுகளும்தான் போயின. அந்த அனுபவத்துக்குப் பிறகு வலை எங்கே இருக்க வேண்டும் என்பது உயிரும் பிழைப்பும் சேர்ந்த கேள்வி. அலை எட்டாத தூரம் வேண்டும்; அதே சமயம் தோளில் சுமந்து போகிற தூரத்திலும் இருக்க வேண்டும். அந்த நடு இடத்தில்தான் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சுற்றுச்சுவர்கள் எழும்புகின்றன.

நில ஆவணங்களைப் புரட்டியவன் என்பதால் இந்தச் சிக்கல் எனக்குப் புரிகிறது. நூறு வருடமாக வலை காய்ந்த மணலுக்குப் பட்டா இருக்காது. பதிவேட்டில் அது புறம்போக்கு. புறம்போக்கு என்று எழுதியிருந்தால், கோப்பைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது யாரும் பயன்படுத்தாத இடம். வலை விரித்திருக்கும் நேரத்தில் அளவைக்காரர் வந்தால்தான் உண்டு. மற்ற நேரத்தில் அது வெறும் மணல். கட்டுமரத்தைப் போலவே அந்த இடமும் வேலை முடிந்ததும் கலைந்து, தடம் தெரியாமல் போய்விடுகிறது.

சட்டம் இதை முழுவதும் மறந்துவிடவில்லை. 1991 பிப்ரவரியில் முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2011 அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. மீன் உலர்த்தும் இடம், வலை சீர்செய்யும் இடம் எல்லாம் கரையில் இருக்கலாம் என்றும் சொன்னது. 2019இல் மறுபடி புது அறிவிக்கை. அறிவிக்கைகள் மாறும். வரைபடத்தில் ஏறிய கோடு மட்டும் அடுத்த எழுத்தரின் மேசைக்கும் போய்ச் சேரும்.

ஆகவே கடலோர ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு, முக்கியமாக இளைஞர்களுக்கு, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். வலை காய்வது எங்கே, படகு ஏறுவது எங்கே, கருவாடு உலர்வது எங்கே என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் குறியுங்கள். கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அந்த இடங்கள் இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி மனு எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

மனு எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில்.