ஒரே குடும்பத்து மருந்துகள்

மாத்தளை மாவட்டம் பல்லேபொலவில் வசிக்கும் தம்பி முறையான ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளுக்கு வலிப்பு நோய். பல ஆண்டுகளாக அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் கார்பமாசெப்பின் குளிசை இலவசமாகக் கிடைத்துவந்தது. வலிப்பு அடங்கியிருந்தாலும் தலைச்சுற்றும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதும் தீரவில்லை. இப்போது வைத்தியர் ஒக்ஸ்கார்பசெப்பின் என்று மாற்றி எழுதியிருக்கிறார். அதை வெளியே பாமசியில் வாங்க வேண்டுமாம். "பெயரில் பாதி ஒன்றாகத்தானே இருக்கிறது அண்ணா, பிறகு எதற்குக் காசு கொடுத்து மாற்றுவது?" என்று கேட்டார்.

நான் வைத்தியனல்லன். மருந்தைப் பற்றி வைத்தியரிடமே கேளுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

1857 இல் சார்ள்ஸ் லொக்கொக் என்ற ஆங்கிலேய வைத்தியர் வலிப்புக்குப் புரோமைட்டைப் பரிந்துரைத்தார். அது வலிப்பைக் குறைத்தது. கூடவே மனத்தை மந்தமாக்கி, தோலில் கொப்புளங்களையும் கொண்டுவந்தது. 1912 இல் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் அல்பிரட் ஹௌப்ட்மன் என்ற இளம் வைத்தியர், தூக்க மருந்தான பினோபாபிட்டோனை வலிப்பு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். நோயாளர் விடுதிக்கு மேலே குடியிருந்த அவர், இரவில் தம் தூக்கம் கெடாதிருக்கவே அதைக் கொடுத்தார் என்றொரு கதை உண்டு. அம்மருந்தின் குறையும் தூக்கமே. அதை ஒத்த, ஆனால் தூங்கவைக்காத பொருளைத் தேடிய பொஸ்டன் ஆய்வாளர்களான மெரிற்றும் புட்னமும் 1938 இல் பினிற்றொயினை அறிவித்தார்கள். உறவுமருந்தைத் தேடிப் பக்கவிளைவைக் குறைக்கும் வழி அப்போதே திறந்துவிட்டது.

கார்பமாசெப்பினை 1953 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி நிறுவனத்தின் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கினார். 1962 இல் அது முகநரம்பு வலிக்குப் பயன்படுவது தெரியவந்தது. பிரித்தானியாவில் 1965 இலும், அமெரிக்காவில் 1974 இலும் வலிப்புக்கு அனுமதி பெற்றது. நல்ல மருந்துதான். ஆனால் ஈரல் அதை உடைக்கும்போது எபொக்சைட் எனும் பொருள் உண்டாகிறது. தலைச்சுற்று, இரட்டைப்பார்வை போன்ற தொல்லைகளில் அதற்கும் பங்குண்டு. போதாததற்கு, ஈரலின் நொதியங்களைத் தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வலுவையும் குறைத்துவிடும்.

மூலக்கூறில் ஓர் இடத்தில் ஒட்சிசன் அணுவொன்றைச் சேர்த்ததும் பிறந்ததே ஒக்ஸ்கார்பசெப்பின். அது எபொக்சைட் வழியே போவதில்லை. 1990 இல் டென்மார்க்கிலும் 2000 இல் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டது. அடுத்த தங்கையான எஸ்லிகார்பசெப்பின் 2009 இல் ஐரோப்பாவில் வந்தது.

ஆனால் தங்கைக்கும் குணக்கேடுண்டு. இரத்தத்தில் சோடியம் குறைவது ஒக்ஸ்கார்பசெப்பினில் அதிகம். முதியோருக்கும், நீர்போக்கு மாத்திரை எடுப்போருக்கும் இது ஆபத்தாகலாம். கார்பமாசெப்பினால் தோலில் ஒவ்வாமை கண்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இதிலும் அது வரும். உயிராபத்தான தோல் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு வகையை 2004 இல் தைவான் ஆய்வாளர் கண்டறிந்தனர். சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய மரபினர் புதிதாகக் கார்பமாசெப்பின் தொடங்குமுன் அதற்கான பரிசோதனை வழக்கமாகிவிட்டது. மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஈரலைத் தூண்டிய மருந்து விலகியதும், கூடவே எடுக்கும் வேறு மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறக்கூடும். 200 மில்லிகிராமுக்குப் பதில் 300 என்று வைத்தியர்கள் கணக்கிடுவது வழக்கம் என்றாலும், அந்தக் கணக்கை வீட்டில் போடக்கூடாது. பழையதைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. அடங்கியிருந்த வலிப்பு தொடர் வலிப்பாகத் திரும்பும்.

இனி நம் நாட்டு இடத்துக்கு வருகிறேன். உறவுமருந்துகள் எல்லாம் நோயாளிக்காகவே பிறந்தவை என்று நம்புவதற்கு நான் தயாரில்லை. காப்புரிமை முடியும் வேளையில் சிறு மாற்றம் செய்து புதுப்பெயரில் விற்கும் வணிகமும் அதில் உண்டு. இதை உலகுக்கு முன்பே கண்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் 1971 இல் அளித்த அறிக்கை, ஒரே வேலையைச் செய்யும் பல மருந்துகளை இறக்குமதி செய்வது ஏழை நாட்டுக்குக் கட்டாது என்றது. அதே ஆண்டு அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. ஏறக்குறைய 2,100 ஆக இருந்த மருந்துப் பட்டியல் 600 அளவுக்குச் சுருங்கியது. வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயரை எழுதும் பழக்கம் வேரூன்றியது. 1977 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கயானாவில், ஐ.நா. பணியில் இருந்தபோது பிபிலே காலமானார்.

பிபிலே கேட்ட கேள்வி, இந்த மருந்து தேவையா என்பது. பல்லேபொலக்காரர் கேட்டதும் அதுவே. நாட்டுக்கான பட்டியலைத் தயாரிக்கும்போது பழைய, மலிவான மருந்தே முதலில் நிற்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரட்டையாகத் தெரியும் கண்ணோடு நடக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு ஒட்சிசன் அணு ஆடம்பரமல்ல. பட்டியலைச் சுருக்கியவர்கள் இப்படிப்பட்ட சிலருக்காகவும் ஒரு வாசல் வைத்திருக்க வேண்டும். 2022 இன் நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்தபோது, கைக்குக் கிடைத்ததற்கு மாறும் நிலை பலருக்கு வந்தது. அந்த மாற்றத்துக்குப் பக்கவிளைவு காரணமல்ல, கையிருப்பே காரணம்.